எட்டு ஆணியும் எட்டுப் பையும்

எங்கள் வீட்டு நடையில் வரிசையாக எட்டு ஆணிகள் இருக்கின்றன. எட்டையும் அடித்தவள் நான். இரும்புச் சாமான் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறவள் ஆணியைக் கோணலாக அடித்தால் அதைவிடக் கேவலம் கிடையாது. ஆணிகள் நேராகத்தான் இருந்தன. அவற்றில் என் அக்கா மாட்டி வைத்திருந்த சங்கதிகள்தான் எனக்குக் கண்ணை உறுத்தின.

பழைய தலையணை உறைகளின் வாயில் நாடா கோத்து அவளே தைத்த பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பின்னல் வேலை, ஊசியோடு, பாதியில். ஒரு பையில் அண்ணன் மகளுக்கென்று தொடங்கிய குழந்தைப் போர்வை. அந்தக் குழந்தை கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். இன்னொன்றில் மேசை விரிப்பு. அந்த மேசையை விற்று ஒன்பது வருடம் ஆகிறது. வேறொன்றில் மஃப்ளர், அக்காவை விட்டு ஓடிப்போன அவள் புருஷனுக்கு. ஆமாம், ஓடிப்போனவனுக்குத்தான். பத்தொன்பது வருடமாக அது ஒரு முழத்தைத் தாண்டவில்லை. கோபம் வரும் நாளில் எடுத்து நாலு வரிசை பின்னுவாள், கோபம் ஆறியதும் நாலையும் பிரித்துவிட்டு மாட்டிவிடுவாள். "அந்த ஆளுக்கு எதுக்குக்கா மஃப்ளர்?" என்று கேட்டால், "கழுத்த நெரிக்கிறதுக்கு நீளம் பத்தல" என்பாள்.

குடும்பத்தில் அவளுக்கு 'முக்கால்' என்று பெயர். அண்ணன் வைத்தது. அவனுக்குக் கல்யாணமான புதிதில் அக்கா ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். அதில் ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கையை அடுத்த வாரம் தருகிறேன் என்றாள். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் ஒரு பிரதி அனுப்பினான். அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது, அந்தக் கை இன்னும் வந்தபாடில்லை.

ஆனால் அவளைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. நான் சொல்லியிருக்கிறேன், அது வேறு விஷயம். அக்காவுக்கு வேலை எடைமேடையில். ஊருக்கு வெளியே சரக்கு லாரிகள் வந்து ஏறி நிற்கும் இரும்புத் தளம், அதன் ஓரத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. லாரி ஏறும், திரையில் எண் விழும், அவள் சீட்டு எழுதி ஜன்னல் வழியாக நீட்டுவாள், லாரி இறங்கிப் போகும். அடுத்த லாரி இரண்டு நிமிடத்திலும் வரும், முக்கால் மணி நேரம் கழித்தும் வரும். டிரைவர்கள் அவளை 'எடையக்கா' என்று கூப்பிடுவார்கள். காலையில் கிளம்பும்போது ஆணிகளுக்கு முன்னால் நின்று இரண்டு பைகளை எடுத்துக்கொள்வாள். சின்ன இடைவெளிக்கு ஒன்று, எண்ணிக்கை தவறினாலும் பாதகமில்லாத வேலை. பெரிய இடைவெளிக்கு ஒன்று, ஒவ்வொரு வளையமாக எண்ணிப் போட வேண்டிய வேலை. மனசு சரியில்லாத நாளில் மூன்றாவதாக மஃப்ளர். ஒரு நாளைக்கு மூன்று வேலை, மூன்றிலும் விரற்கடை அளவு வளரும். இப்படிப் போனால் எது முடியும்? சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

"ஒண்ண எடுத்தா அத முடிச்சிட்டு அடுத்தத தொடக்கூடாதா?"

"முடிச்சிட்டு?"

"முடிச்சிட்டு அடுத்தது."

"அதான், அந்த அடுத்தத இப்பவே எடுத்துக்கிட்டேன்" என்பாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

எட்டாவது ஆணியில் தொங்கியது சாம்பல் நிற ஸ்வெட்டர். அது அவள் ஒரே மகனுக்கு. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

அதைத் தொடங்கியபோது அவனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் குளிரான ஊருக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். கிளம்பும் நாளில் முதுகும் ஒரு கையும்தான் ஆகியிருந்தன. பிள்ளை என்னுடைய பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். பொம்பளைச் சட்டை, பூப்போட்ட பித்தான் வைத்தது. திரும்பி வந்து நாலு நாள் யாரோடும் பேசவில்லை. பதின்மூன்று வயதில் அக்கா அந்தப் பையைத் திறந்து அளவு வைத்துப் பார்த்தாள். பிள்ளை வளர்ந்துவிட்டான், ஸ்வெட்டர் வளரவில்லை. முழுவதையும் பிரித்தாள். பிரிக்கிற நூல் சிக்கு விழாமலிருக்க யாராவது எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும், அந்தக் கைகளில்தான் நூலைச் சுற்றுவது. அவன்தான் நீட்டினான். தன் ஸ்வெட்டர் அவிழ்ந்து அவிழ்ந்து தன் கையிலேயே வந்து சுற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பதினேழு வயதில் மறுபடி பிரித்தாள். இருபத்திரண்டில் மறுபடி. ஒவ்வொரு தடவையும் அளவு கூடியதால் நூல் பற்றாது, அதே சாம்பலில் இன்னும் கொஞ்சம் வாங்கிச் சேர்ப்பாள்.

வேலை கிடைத்து அவன் வெளியூர் கிளம்பிய அன்றைக்கு, "போற எடம் குளிருமாம். ஒரே மாசத்துல முடிச்சு அனுப்பிடறேன்" என்றாள் அக்கா.

அவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னான். "எனக்குன்னு நீ செய்ய ஆரம்பிச்சது அது ஒண்ணுதான். அதையும் என் கையாலயே மூணு தடவ பிரிக்க வெச்சுட்ட. விடும்மா."

குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. முதலில் வாரம் ஒரு போன், அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் பிறந்தநாளுக்கு மட்டும். ஐந்து வருடமாக அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்கா அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. மஃப்ளரைத்தான் அடிக்கடி கையில் எடுத்தாள்.

அவள் கண் கெட்டுப்போனது எடைமேடையில்தான் முதலில் தெரிந்தது. திரையில் எட்டு விழுந்தால் சீட்டில் மூன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரே வாரத்தில் நாலு லாரிக்கு இப்படி நடந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனுஷன், ஒரு வார்த்தை திட்டவில்லை. "கண்ண காட்டிட்டு வாங்கக்கா, அதுவரைக்கும் வேற ஆள உக்கார வெக்கிறேன்" என்றார். அந்த வேற ஆள்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறான்.

வருடக்கணக்காகக் கவனிக்காமல் விட்ட சர்க்கரை. வைத்தியத்தையும் அவள் முக்காலோடு நிறுத்தியிருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண் ஏற்கெனவே போய்விட்டது என்றார். அவளுக்கே தெரியாமல் போயிருக்கிறது. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, ஆபரேஷன் செய்யலாம், செய்தாலும் எவ்வளவு மிஞ்சும் என்று உறுதி சொல்ல முடியாது. மூன்று மாதம் மருந்து போட்டுவிட்டு அப்புறம் செய்யலாம் என்று தேதி கொடுத்தார். "அதுவரைக்கும் பார்வை இருக்குமா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். இருக்கிற அளவுக்கு இருக்கும் என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "அந்த சாம்பல முடிச்சிடணும். அவன் அத போட்டுக்கிட்டு நிக்கிறத ஒரு தடவ என் கண்ணால பாத்துடணும். அப்புறம் இது போனா போகட்டும்."

நான் என் வாழ்நாளில் அவள் வாயிலிருந்து 'முடிச்சிடணும்' என்ற வார்த்தையைக் கேட்டது அன்றைக்குத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு வாரம் சொன்னபடி செய்தாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, நூலை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு, சாம்பலைத் தவிர வேறெதையும் தொடவில்லை. மூன்றாவது வாரம் நான் கடை விட்டு வருகிறேன், மடியில் வேறொரு பையின் பச்சைச் சால்வை. மறுநாள் குழந்தைப் போர்வை. மறுபடி பச்சை. "ஒரே வேலையா பாத்தா கை மரத்துப் போகுதுடி. கொஞ்சம் மாத்திக்கிட்டேன், அவ்வளவுதான்" என்றாள். அதோடு விடாமல் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, என் தோளுக்குக் குறுக்கே சாண் போட்டுப் பார்த்து, "இளைச்சுட்ட" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணு இன்னும் ரெண்டு மாசமோ ஒரு மாசமோ. இதுல உனக்குப் பச்ச கேக்குதா? அவன் வந்தா எதக் காட்டுவ? இன்னொரு தடவ கைய நீட்டச் சொல்லுவியா?"

அவள் ஊசியில் இருந்த வளையங்களை விரலால் முதலிலிருந்து தடவத் தொடங்கினாள். "கத்தாத. எண்ணிக்கை போயிடுச்சு" என்றாள்.

ஆபரேஷனுக்கு ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னார்கள். கூட ஆள் தங்கக்கூடாது, மாலையில் இரண்டு மணி நேரம் போய்ப் பார்க்கலாம். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடை லீவு. வீட்டில் நான் மட்டும். வீட்டைப் பெருக்கிக்கொண்டே வந்தவள் ஆணிகளுக்கு முன்னால் நின்றேன்.

அன்றைக்கு நான் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாம்பலை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஏழு பைகளிலிருந்தும் ஊசிகளை உருவினேன். ஊசி போன வளையங்கள் ஒரு நொடி அப்படியே நின்றன. நூல் நுனியைப் பிடித்து இழுத்தேன், சரசரவென்று வந்தது. முதலில் மஃப்ளர். பத்தொன்பது வருடம் ஐந்து நிமிடத்தில் அவிழ்ந்தது. ஏழையும் பிரித்து உருண்டை பிடித்தேன். இது இல்லையென்றால் அவள் வேறு வழியின்றிச் சாம்பலை முடிப்பாள், இதுதான் என் எண்ணம். கடையில் நாள் முடிவில் கலந்துகிடக்கும் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்து டப்பாவில் போடுவது என் வேலை. அதே கையோடு ஊசிகளை அளவுவாரியாக டப்பாக்களில் அடுக்கினேன். நூலை நிறவாரியாக அலமாரியில் வைத்தேன். சாம்பலாக இருந்த உருண்டைகளை எல்லாம், எந்தப் பையில் இருந்தாலும், பொறுக்கி எட்டாவது பையில் போட்டேன். தாராளமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அந்தப் பைக்குள் சில உருண்டைகளில் சிவப்பு நூல் ஒரு துண்டு கட்டியிருந்தது. குப்பை என்று நினைத்து அதையும் அறுத்துப் போட்டேன். பிறகு தரையைத் துடைத்துவிட்டு டீ போட்டுக் குடித்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் டீ குடித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அக்கா கண்ணில் கட்டோடு வந்தாள். நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். விரல் முதல் ஆணியில் பட்டது. நின்றாள். இரண்டாவது ஆணி. மூன்றாவது. ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே எட்டாவது வரைக்கும் போனாள்.

"மத்ததெல்லாம் எங்க?"

"பிரிச்சுட்டேன். இனிமே நீ ஒண்ணத்தான் பாக்கணும்."

"பச்சையையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"அது உனக்குடி" என்றாள்.

பிறகு, "மஃப்ளர்?" என்று கேட்டாள். அதைத்தான் முதலில் பிரித்தேன் என்றேன். "அது தொலையட்டும்" என்று சொல்லி உட்கார்ந்து, எட்டாவது பையை மடியில் வைத்துக் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். "இதுல சிவப்பு நூல் கட்டியிருந்துச்சே?"

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. சாம்பல் என்றால் ஒரே சாம்பல் இல்லை. ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். பிரித்த பழைய நூலையும் பின்னால் வாங்கிய நூலையும் அப்படியே அடுத்தடுத்துப் பின்னினால், ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் கோடு போட்டதுபோல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவள் இரண்டு வரிசை பழசு, இரண்டு வரிசை புதுசு என்று மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரியும்படி கொண்டுவந்திருக்கிறாள். எது பழசு என்று தெரிவதற்குத்தான் சிவப்பு நூல். நானோ அதை அறுத்துப் போட்டதோடு நிற்காமல், மஃப்ளரின் சாம்பலையும், எடைமேடையில் மூட்டை தூக்குகிறவருக்குத் தொடங்கிய குல்லாவின் சாம்பலையும் சேர்த்து ஒரே பையில் கொட்டியிருந்தேன். நாலு சாம்பல். கடையில் எவனாவது நாலு அளவு திருகாணியை ஒரே டப்பாவில் கொட்டியிருந்தால் நான் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடவுமில்லை.

கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் தெரிந்தது. வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஆள் நின்றால் நிழலாகத் தெரிந்தது. நிறம் தெரியவில்லை, முகம் தெரியவில்லை. இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை ஸ்வெட்டர் போட்டு நிற்பதைக் கண்ணால் பார்ப்பது என்பது அன்றோடு முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா எட்டாவது ஆணிக்குப் போனாள்.

"பாக்கத்தான் முடியாது. தொட்டுப் பாத்துக்கறேன். ஒரு கொறையும் இல்லாம ஒண்ணாவது அவன் கையில குடுத்துடணும்."

பழைய நூலை அவள் விரலே கண்டுபிடித்தது. பிரித்துப் பிரித்து இளைத்த நூல், சுருள் போகவே போகாது. மற்ற மூன்று சாம்பலும் ஒரே கனம், ஒரே மிருது. கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. "நீ பாத்துப் பிரிச்சுக் குடு" என்றாள். நான் கடை விட்டு வந்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிரித்தேன். கண்ணை மூடிக்கொண்டு முக்கால் இன்ச் ஆணியையும் ஒரு இன்ச் ஆணியையும் பிரிக்கிறவள் என்ற திமிர். இது அது என்று மூன்று குவியல் வைத்துக் கொடுத்தேன். ட்யூப்லைட்டில் எல்லாச் சாம்பலும் ஒரே சாம்பல் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எந்த வரிசையில் விட்டோம் என்று விரலுக்குப் பிடிபடாமல், ஊசியில் இருந்ததை அவள் அடியோடு பிரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். நாலாவது தடவை பிரித்தது அது, அவனுக்குத் தெரியாது. இம்முறை வேறெதற்கும் கை மாறவில்லை. மாற்றுவதற்கு வேறெதுவும் வீட்டில் இல்லை. விரலால் வளையங்களை எண்ணுவாள், எண்ணிக்கையை வாயால் முணுமுணுப்பாள், தவறினால் வரிசையை அவிழ்த்து மறுபடி போடுவாள். நான் அவனுக்குப் போன் செய்து அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். "ரெண்டு மாசத்துல லீவு எடுத்துக்கிட்டு வரேன் சித்தி" என்று தேதி சொன்னான். அக்கா அந்தத் தேதியை எண்ணிக்கையோடு சேர்த்து முணுமுணுக்கத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். முதுகுப் பக்கம் பாதிக்கு மேல் ஆகியிருந்தது. அதில் நீலம் ஓடிய ஒரு பட்டை. அதற்கு மேலே மண் நிறம் ஓடிய ஒரு பட்டை. மறுபடி நீலம். ட்யூப்லைட் மறைத்ததை வெயில் அப்படியே எடுத்துக் காட்டியது.

"நிறம் எப்பிடி வருது?" என்று கேட்டாள் அக்கா. எப்போதும் கேட்பதுதான்.

"ஒரே மாதிரி வருது" என்றேன்.

சொன்னால் பிரித்துவிடுவாள். பிரித்தால் தேதிக்கு முடியாது. அவன் வந்து நிற்கும்போது மறுபடி ஒரு கையும் முதுகும்தான் இருக்கும். அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரி என்று இன்றைக்கும் சில நேரம் தோன்றுகிறது. அதற்குப் பிறகு அவள் தினமும் கேட்டாள், நானும் தினமும் சொன்னேன். முதல் நாள் நாக்கு கூசியது. பத்தாம் நாள் பழகிவிட்டது. பழகியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவன் வருவதற்கு மூன்று நாள் முன்னால் கத்தரி கேட்டாள். கடைசி வளையத்துக்குள் நுனியை இழுத்து, நறுக்கி, உள்ளே சொருகினாள். இரண்டு கை, முதுகு, முன்பக்கம், கழுத்து எல்லாம் இருந்தன. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்று முடிந்திருந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸை விட்டவள்போல விழித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுடுச்சு" என்றாள். "இப்ப என்னடி பண்றது?"

அவன் வந்து வாசலில் நின்றான். உடம்பு பருத்து, நெற்றி ஏறிப்போய், ஆளே மாறியிருந்தான். அக்கா அவன் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்துச் சிரித்தாள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவள் பார்த்த இடத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டான். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"ரெண்டு கையும் இருக்கான்னு மொதல்ல பாத்துக்க" என்று சொல்லி அக்கா ஸ்வெட்டரை நீட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே தலை வழியாகப் போட்டான். அவள் எழுந்து போய் அவன் தோளைத் தடவினாள், தையலைத் தடவினாள், மணிக்கட்டு வரைக்கும் கை நீளத்தைத் தடவிக்கொண்டு போனாள்.

"பிடிக்குதா எங்கயாச்சும்?"

"இல்லம்மா. அளவெடுத்த மாதிரி இருக்கு." அவன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். வாசல் வெளிச்சம் அவன் மேல் விழுந்திருந்தது. "நான் வெறும் சாம்பல்னுதான் நெனச்சிருந்தேன். இந்தப் பட்டை ரொம்ப நல்லா இருக்கும்மா."

அவன் மார்பின் மேல் இருந்த அவள் கை நின்றது.

"ஆமா" என்றாள் அக்கா. "வெறும் சாம்பல்னா கெழவன் மாதிரி இருக்குமே. வேணும்னுதான் பட்டை போட்டேன்."

இரண்டு நாள் இருந்தான். இரண்டு நாளும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். தன்னோடு வந்துவிடச் சொன்னான். இந்த வீட்டில்தான் குளியலறைக்கு எத்தனை அடி என்று தெரியும் என்று அவள் மறுத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறிப் போனான்.

மறுநாள் காலையில் நான் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டாள்.

"எத்தன பட்டை?"

பொய் சொல்ல இனி என்ன இருக்கிறது? "முதுகுல பதினொண்ணு. முன்னாடி எண்ணல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதுகு பாதியிலயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பிரிச்சிருப்ப."

"ஆமா, பிரிச்சிருப்பேன்." சீப்பு என் கையிலேயே இருந்தது. "பிரிச்சிருந்தா அது இன்னும் எங்கிட்டதான் இருந்திருக்கும். அவனும் அதுக்காக இன்னொரு தடவ வந்திருப்பான்."

அதன் பிறகு அவன் வரவில்லை. தவறாமல் போன் செய்கிறான். ஸ்வெட்டரைப் பற்றி அவளும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. வலது கண்ணில் மிஞ்சியிருந்த வெளிச்சமும் அந்த வருடக் கடைசியில் போய்விட்டது. வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாள், விரல்கள் மட்டும் மடியில் எதையோ பின்னிக்கொண்டிருக்கும். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அலமாரியைத் திறந்து, நான் பிரித்து உருட்டி வைத்த அந்தப் பச்சை நூலையும் ஒரு ஜோடி ஊசியையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பச்சை என்று சொன்னேன்.

இப்போது தினமும் சாயங்காலம் நாற்பது வளையம் போட்டுத் தொடங்குகிறாள். ஒரு சாண் வளர்ந்ததும் நிறுத்தி, உள்ளங்கையை வைத்து மெதுவாக ஒரு தடவை தடவிப் பார்க்கிறாள். பிறகு ஊசியை உருவிவிட்டு, "கைய நீட்டு" என்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டுகிறேன். அவள் பிரிக்கப் பிரிக்க நூல் வந்து என் கைகளில் சுற்றிக்கொள்கிறது. நிறம் எப்படி வருகிறது என்று அவள் என்னைக் கேட்பதில்லை.